விசா வருவதற்கு முன் ரயிலுக்கு எதற்கு பணம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சுற்றி வளைத்தான் என்று யாரும் திட்டக் கூடாது. ஐரோப்பா போக ஷெங்கன் விசாவுக்கு மனு போடும்போது, "ரயில் டிக்கெட்டையும் இப்பவே காசு கட்டி வாங்கி ஃபைல்ல வையுங்க" என்று சொல்கிறவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. அவர் டிராவல் ஏஜென்டாக இருக்கலாம், போன வருஷம் பாரிஸ் போய் வந்த மச்சானாக இருக்கலாம். அவர் சொல்வது மூல விதியிலும் இல்லை, பண விஷயத்தில் புத்திக்கும் ஒத்துவராது.

ரயிலே ஓடாத பஹ்ரைன் தீவில் உட்கார்ந்துகொண்டு இவன் ரயில் டிக்கெட்டைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்கலாம். ஆனால் நான் மாரிக்குப்பத்துக்காரன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வாழ்க்கையே ரயிலில்தான். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை இழுத்து மூடிய பிறகு தங்கவயலைச் சாகாமல் வைத்திருப்பது விடியற்காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் வண்டிகள்தான். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர், பங்காருபேட்டை என்று ஆளை அள்ளிக்கொண்டு போகும். சீசன் டிக்கெட்டை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வளர்ந்த கூட்டம் நாங்கள். எங்களுக்கே ரயில் டிக்கெட்டில் மொட்டை போடுகிறார்கள் என்றால் வயிறு எரியாதா?

இன்னொரு தகுதியும் உண்டு. நான் பி.காம்., இருபது வருஷமாக வங்கியில் கடன் ஃபைல் பார்க்கிற ஆள். மனு போடுகிறவன் எந்தக் காகிதத்தைக் காட்டினால் அதிகாரி நம்புவான், எதைக் காட்டினால் நம்பமாட்டான் என்பதுதான் என் சோறு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

தங்கவயலில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். இபிஎஸ் பென்ஷன் மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம். மகன் ஐரோப்பாவில் வேலை பார்க்கிறான். "அப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு மாசம் வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டிருக்கிறான். பெங்களூரில் ஒரு ஏஜென்டிடம் போனார்கள். "மகன் ஊர்ல மட்டும் இருக்கப்போறேன்னு சொன்னா கேஸ் வீக். பக்கத்துல ரெண்டு நாடு சுத்திப் பார்க்கிற மாதிரி பிளான் காட்டணும், ரயில் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகி இருக்கணும்" என்றார் அந்தப் புண்ணியவான். மூன்று ரயில், இரண்டு பேர். இருப்பதிலேயே மலிவான, ரத்து செய்ய முடியாத டிக்கெட். நம் பணத்தில் நாற்பதாயிரத்துச் சொச்சம். விசா மறுக்கப்பட்டது. காரணம் என்ன தெரியுமா? பயணம் முடிந்து ஊர் திரும்புவார் என்பதில் சந்தேகமாம்.

மறுபடி ஒரு தடவை படியுங்கள். சந்தேகம், இவர் ஊர் திரும்புவாரா என்பதில். காட்டிய காகிதம், ஐரோப்பாவுக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? அந்த டிக்கெட் அவர் ஐரோப்பாவுக்குள் சுற்றுவார் என்று சொல்லும், ஆண்டர்சன்பேட்டைக்குத் திரும்பி வருவார் என்று சொல்லாது. அவருடைய வீட்டுப் பத்திரம், பென்ஷன் புத்தகம், ஊரில் இருக்கும் மகள் குடும்பம், இதெல்லாம்தான் அதைச் சொல்லும். அந்த ஃபைலில் இவையெல்லாம் ஏனோதானோ என்று பின்னால் செருகப்பட்டிருந்தன. வண்ணத்தில் அச்சடித்த ரயில் டிக்கெட் முன்னால் பளபளத்தது. ஒன்றரை வருஷத்துப் பென்ஷன் போச்சு. ஏஜென்ட் தன் சர்வீஸ் சார்ஜைத் திருப்பித் தரவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஷெங்கன் விசாவுக்கு மூலச் சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் 810/2009 என்ற விசா விதித்தொகுப்பு. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. என்னென்ன காகிதம் கேட்கலாம் என்பதற்கு அதில் இரண்டாம் இணைப்பு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சுற்றுலாப் பயணத் திட்டத்துக்குக் கேட்பது, ஏற்பாடு செய்த டூரின் பதிவு உறுதி, அல்லது உத்தேசப் பயணத்தைக் காட்டும் வேறு ஏதாவது பொருத்தமான ஆவணம். 'உத்தேச' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊர் திரும்புவதற்குக் கூட, திரும்பும் டிக்கெட் அல்லது அதற்கான முன்பதிவு என்றுதான் இருக்கிறது. காசு கட்டி முடித்த, ரத்து செய்ய முடியாத ரயில் டிக்கெட் என்று எங்கேயும் இல்லை. விசா கையில் வரும்வரை டிக்கெட்டை உறுதியாக வாங்காதீர்கள் என்று பல தூதரகங்களே தங்கள் தளத்தில் சொல்லி வைத்திருக்கின்றன.

அப்படியானால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? என் கணக்கில் மூன்று காரணம்.

முதல் காரணம், நம் இந்திய ரயில் புத்தி. நமக்கு ரயில் என்றால் ரிசர்வேஷன். கவுண்டர் திறந்த அன்றே எடுக்காவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட், அதுவும் போனால் தட்கல், அதுவும் போனால் டி.டி.இ. காலில் விழ வேண்டும். முன்பதிவு காலத்தை 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தபோது நாம் எப்படிப் பதறினோம்! அதே பதற்றத்தை ஐரோப்பாவுக்கும் தூக்கிக்கொண்டு போகிறோம். அங்கே கதை வேறு. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் நெதர்லாந்திலும் பெரும்பாலான உள்நாட்டு ரயில்களுக்கு சீட் ரிசர்வேஷன் கட்டாயமே கிடையாது. டிக்கெட் இருந்தால் ஏறலாம். இத்தாலியில் ரெஜியோனாலே என்கிற உள்ளூர் வண்டிகளுக்கு இன்றைக்கு வாங்கினாலும் மூன்று மாதம் முன்னால் வாங்கினாலும் ஒரே விலை. பிரான்சின் டிஜிவி, எல்லை தாண்டும் யூரோஸ்டார், இத்தாலியின் அதிவேக வண்டிகள் போன்றவற்றில்தான் சீட் நம்பரோடு டிக்கெட் எடுக்க வேண்டும்.

ரத்து செய்கிற விஷயத்தில் இன்னும் பெரிய வித்தியாசம். நம் ஊரில் கன்ஃபர்ம் டிக்கெட்டை நாலு நாள் முன்னால் ரத்து செய்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் போட்டுவிடுவார்கள். "எடுத்து வைப்போம், வேண்டாம்னா கேன்சல் பண்ணிக்கலாம்" என்பது நம் ரத்தத்தில் ஊறியது. ஐரோப்பாவில் மலிவான டிக்கெட் மலிவாக இருப்பதே திருப்பித் தரமாட்டோம் என்ற நிபந்தனையால்தான். ஜெர்மனியின் சூப்பர் ஸ்பார்பிரைஸ், சுவிட்சர்லாந்தின் சூப்பர்சேவர், இத்தாலியின் சூப்பர் எக்கானமி எல்லாம் இந்த ஜாதி. குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட வண்டி, தவறினால் பணம் கோவிந்தா. உங்களுக்கு விசா மறுத்தார்கள் என்பது ரயில் கம்பெனிக்கு ஒரு காரணமே இல்லை.

இரண்டாவது காரணம், ஏஜென்டுகளின் சௌகரியம். ஃபைல் தடியாக இருந்தால் வேலை செய்த மாதிரி இருக்கும், கமிஷனும் கிடைக்கும், மறுத்துவிட்டால் "நாங்க எல்லாம் கரெக்டாத்தான் வெச்சோம், உங்க டைம் சரியில்ல" என்று சொல்லிவிடலாம். இதில் இன்னொரு ரகம் இன்னும் ஆபத்து. டம்மி டிக்கெட் அடித்துக் கொடுப்பவர்கள். ரயில் கம்பெனி முத்திரையோடு கம்ப்யூட்டரில் தயாரித்த காகிதம். இதைத் தயவுசெய்து தொடாதீர்கள். இணைத்த ஆவணங்களின் உண்மைத்தன்மையில் சந்தேகம் வந்தாலே விசாவை மறுக்க அந்த விதித்தொகுப்பில் இடம் இருக்கிறது. உங்கள் மனு, பத்து விரல் ரேகை, மறுத்த முடிவு எல்லாம் ஐந்து வருஷம்வரை அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். அடுத்த முறை வேறு ஷெங்கன் நாட்டில் மனு போட்டாலும் பார்ப்பார்கள். இருநூறு ரூபாய் டம்மிக்கு ஐந்து வருஷத் தலைவலி.

மூன்றாவது காரணம்தான் என் கோபத்துக்கு முக்கியம். சில நாடுகளின் செக்லிஸ்டில் உள்பயணத்துக்கும் சான்று வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. என்ன சான்று, காசு கட்டியதா கட்டாததா என்று தெளிவாகச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும்? பயந்தவன் காசு கட்டுவான். ஐரோப்பாவை ஏற்கெனவே பார்த்தவன், பெரிய கம்பெனி லெட்டர் வைத்திருப்பவன் இதைக் கண்டுகொள்ள மாட்டான். முதல் தடவை போகிற பென்ஷன்காரர்தான் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக்கெட் வாங்கி வைப்பார். தெளிவில்லாத விதி எப்போதும் ஏழைக்குத்தான் செலவு வைக்கும். இது விசாவுக்கு மட்டுமல்ல, என் வங்கிக்கும் பொருந்தும்.

எங்கள் தொழிலில் ஒரு அடிப்படை உண்டு. வீட்டுக் கடன் கேட்டு வருகிறவரிடம், "முதலில் கொத்தனாருக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு ரசீதோடு வாருங்கள், பிறகு கடன் தரலாமா என்று யோசிக்கிறோம்" என்று எந்த மேனேஜரும் சொல்ல முடியாது. எஸ்டிமேட் கேட்போம், பிளான் கேட்போம். சாங்ஷன் லெட்டர் கொடுத்த பிறகுதான் செலவு. விசா என்பதும் ஒரு சாங்ஷன்தான். அதற்கு எஸ்டிமேட் போதும். ரசீது கேட்பது முறைகேடு.

இங்கே கணக்குப் புலிகள் சிலர் வருவார்கள் என்று தெரியும். "சார், இப்ப எடுத்தா 40 யூரோ, கடைசியில எடுத்தா 90 யூரோ. விசா மறுக்கிற வாய்ப்பு 15 சதவீதம்தான். சராசரி பார்த்தா முன்னாடியே எடுக்கிறதுதானே லாபம்?" நியாயமான கேள்வி. 2024-ல் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் மேல் ஷெங்கன் மனுக்கள் போயின, அதில் மறுக்கப்பட்டவை சுமார் 15 சதவீதம். அந்த வகையில் கணக்கு சரி. ஆனால் மூன்று ஓட்டை இருக்கிறது.

ஒன்று, சராசரி என்பது ஆயிரம் கடன் வைத்திருக்கும் வங்கிக்கு. நூற்றைம்பது வாராக்கடன் ஆனாலும் மீதி எண்ணூற்றைம்பது காப்பாற்றும். தங்கவயல் குடும்பத்துக்கு இருப்பது ஒரே ஒரு மனு. அது போனால் 15 சதவீதம் போகாது, மொத்தமும் போகும்.

இரண்டு, மறுப்பு மட்டும்தான் ஆபத்து என்று யார் சொன்னது? மனுவை வழக்கமாக 15 நாளில் முடிக்க வேண்டும், ஆனால் தேவைப்பட்டால் 45 நாள்வரை நீட்டிக்க விதி இருக்கிறது. விசா கிடைத்தும் பாஸ்போர்ட் நீங்கள் நினைத்த தேதிக்கு வராவிட்டால் ரயில் உங்களுக்காக நிற்காது.

மூன்று, இன்றைக்கு 40, கடைசி நாள் 90 என்ற இரண்டுதான் வழி என்பது பொய். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனு போடலாம். மூன்று நாலு மாதம் முன்னால் போட்டு, விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று மாலை உட்கார்ந்து டிக்கெட் எடுங்கள். பெரும்பாலும் மலிவு டிக்கெட் அப்போதும் கிடைக்கும். அவசரப்பட வேண்டியது அப்பாயின்ட்மென்ட் பிடிப்பதில், ரயில் பிடிப்பதில் அல்ல.

இன்னொன்றையும் யோசியுங்கள். விசாவுக்கான மற்ற செலவுகளில் பெரும்பாலும் தப்பிக்க வழி இருக்கிறது. ஹோட்டலை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு எடுக்கலாம். விமானத்துக்கு ரிசர்வேஷன் மட்டும் போட்டு வைக்கலாம். 30,000 யூரோ காப்பீடு கட்டாயம், ஆனால் விசா மறுத்த கடிதத்தைக் காட்டினால் நம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பெரும்பாலும் பிரீமியத்தைத் திருப்பித் தருகின்றன. திரும்பாதவை விசா கட்டணமும் சென்டரின் சேவைக் கட்டணமும்தான். பெரியவர்களுக்கு விசா கட்டணமே 2024 ஜூன் முதல் 90 யூரோ. அந்த ஒரு வருஷத்தில் மறுக்கப்பட்ட இந்திய மனுக்களின் கட்டணத்தைக் கூட்டினால், குழந்தைகள் சலுகையைக் கழித்தாலும் ஒரு கோடி யூரோவைத் தாண்டும். இவ்வளவு கொடுத்தது போதாதென்று ரயில் கம்பெனிக்கும் மொய் எழுத வேண்டுமா?

அவர்கள் நம் ஊருக்கு வரும்போது எப்படி? இந்தியாவின் இ-டூரிஸ்ட் விசா 2014-லிருந்து இருக்கிறது. தகுதியுள்ள நாட்டுக்காரர் வீட்டில் இருந்தபடியே போட்டோவையும் பாஸ்போர்ட் பக்கத்தையும் ஏற்றிவிட்டு விசா வாங்குகிறார். ஹம்பிக்குப் போகும் ஜெர்மன்காரரிடம் ஹம்பி எக்ஸ்பிரஸில் உங்கள் பெர்த் நம்பர் என்ன என்று நம் அரசு கேட்பதில்லை. 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலுக்கு வந்தபோது, பின்னாலேயே கார்ன்வாலிலிருந்து சுரங்கக்காரர்கள் வந்து பங்களா கட்டிக் குடியிருந்தார்கள். எப்போது திரும்பிப் போவீர்கள் என்று எங்கள் பாட்டன்மார் யாரும் கேட்கவில்லை. கேட்கிற இடத்திலும் அவர்கள் இல்லை, அது வேறு சோகம்.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். 1930-ல் தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்யும் திட்டத்தை நிர்வாகம் கொண்டுவந்தபோது தங்கவயல் சுரங்கங்களே ஸ்தம்பிக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளான நாம் பெங்களூர் விசா சென்டரில் பத்து விரலையும் கண்ணாடியில் வைத்துவிட்டு வருகிறோம். காலம் மாறிவிட்டது, சரி. விதி கேட்பதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். விதி கேட்காததை ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

வெறுமனே திட்டினால் போதாது, என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? என் யோசனைகள்:

1. ஒரு பக்கத்தில் நாள்வாரிப் பயணத் திட்டம் தயார் செய்யுங்கள். தேதி, ஊர், தங்கும் இடம், எந்த ரயில், புறப்படும் நேரம், உத்தேசக் கட்டணம் என்று கட்டம் போட்டு. ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாரிஸ் போகிறீர்கள் என்றால் ரயில் கம்பெனியின் தளத்தில் அந்த நேர அட்டவணையை அச்செடுத்து இணையுங்கள். கவரிங் லெட்டரில் "விசா கிடைத்ததும் ரயில் டிக்கெட் வாங்குவேன்" என்று ஒரு வரி. நேர்மையான வரி, யாரும் தப்பு சொல்ல முடியாது.

2. டிக்கெட்டுக்குப் போடும் பணத்தை வங்கிக் கணக்கிலேயே விடுங்கள். ஸ்டேட்மென்டில் தெரியும் அந்த இருப்புதான் உங்கள் வசதிக்கு சாட்சி. மனு போடுவதற்கு முந்தின வாரம் மாமாவிடம் வாங்கி இரண்டு லட்சம் போடும் வேலையும் வேண்டாம். என்னைப் போல் ஸ்டேட்மென்ட் பார்த்துப் பழகியவனுக்கு அது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

3. செக்லிஸ்டில் உள்பயண டிக்கெட் என்று வெளிப்படையாகக் கேட்டிருந்தால், எல்லை தாண்டும் பயணத்துக்கு மட்டும், பணம் திரும்பக் கிடைக்கும் ரக டிக்கெட்டை எடுங்கள். ஜெர்மனியில் ஃப்ளெக்ஸ்பிரைஸ் அந்த மாதிரி, நன்கு முன்னதாக ரத்து செய்தால் பணம் வரும். விலை கூடுதல்தான். விசா வந்த பிறகு அதை ரத்து செய்துவிட்டு மலிவானதை வாங்கிக்கொள்ளலாம். யூரெயில் பாஸ் வாங்குகிறவர்கள் சலுகை விலைப் பாஸா, திருப்பித் தரும் பாஸா என்று பார்த்து வாங்குங்கள். பாஸ் இருந்தாலும் டிஜிவிக்குத் தனியாக சீட் கட்டணம் உண்டு என்பதை மறக்காதீர்கள்.

4. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், பிள்ளைகளைப் பார்க்கப் போகிறோம் என்றே எழுதுங்கள். அது ஒன்றும் வீக் கேஸ் இல்லை. இல்லாத சுற்றுலாவைக் கற்பனை செய்தால் அதற்கு டிக்கெட், ஹோட்டல் என்று செலவும் கேள்வியும்தான் கூடும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் மனு போட வேண்டும் என்பதால், தேவையில்லாமல் ஊர்களைச் சேர்த்தால் குழப்பம்தான் மிச்சம்.

தூதரகங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. செக்லிஸ்டில் ஒரு வரி சேருங்கள்: 'உள்பயணத்துக்கு உத்தேசத் திட்டம் போதும், விசாவுக்கு முன் பணம் கட்டி ரயில் டிக்கெட் வாங்க வேண்டாம்.' உங்களுக்கு ஒரு சென்ட் செலவில்லை. காலை வண்டியில் மாரிக்குப்பத்திலிருந்து ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரும் ஒரு குடும்பத்துக்கு ஒன்றரை வருஷப் பென்ஷன் மிச்சம்.

அந்த வரி வரும்வரை ஏஜென்ட் கேட்டால் நீங்களே சொல்லுங்கள்: "எந்த விதியில இருக்கு, காட்டுங்க." காட்டினால் வாங்குவோம். காட்டாவிட்டால் பணம் பையிலேயே இருக்கட்டும்.

டிஸ்கி: செக்லிஸ்ட் நாட்டுக்கு நாடு, மனு போடும் ஊருக்கு ஊர் மாறும். நீங்கள் போகும் நாட்டின் பட்டியலை அன்றைய தேதியில் நீங்களே படித்துப் பாருங்கள். நான் வங்கிக்காரன், விசா அதிகாரி அல்ல. ஏஜென்டும் விசா அதிகாரி அல்ல :-)